விருந்தாளிகளை எங்கே அழைத்துப் போவது, நஞ்சப்பா?

அன்புள்ள நஞ்சப்பா, இந்த ஊரில் என்னோடு ஒரு தடவைகூடச் சண்டை போடாமல் செத்துப்போன ஒரே மனிதனே,

என் தங்கை செல்லம்மாளை நீ கட்டிக்கொண்ட நாள் முதல், நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை அப்படிக் கூப்பிட வாய் கூசியது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. இப்போது முறை பார்க்க நீயே இல்லை. பழையபடி 'நீ' என்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்வாயா?

இங்கே புதிதாக ஒரு பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள். அதன் ஆசிரியர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். கோயமுத்தூருக்கு வரும் வெளியூராருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் யோசனை சொல்வது போல ஒரு கட்டுரை வேண்டுமாம். துணிமணி எங்கே எடுப்பது, எங்கே சாப்பிடுவது, பொழுது சாய்ந்த பிறகு எங்கே போவது. "வக்கீலய்யா, நீங்க இங்கயே பொறந்து வளந்தவருங்க. உக்காந்தா எழுதிப்போடுவீங்க" என்றார். உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. இந்த ஊரில் எந்தெந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று கேட்டிருந்தால் மூன்று இதழுக்கு எழுதித் தந்திருப்பேன். மிதிக்கவேண்டிய வாசல்கள் தெரிந்தவன் நீ.

ஆகவே அந்தக் கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கடிதம்தான் அவருக்குக் கிடைக்கப் போகிறது. போடுவதும் போடாததும் அவர் இஷ்டம். எனக்கு இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

பஞ்சுத் தரகு உனக்குப் பெயருக்குத்தான். உன் நிஜமான தொழில் விருந்தாளிகளுக்கு ஊர் காட்டுவது. தாராபுரத்திலிருந்து பருத்தி கொண்டுவந்தவர், பம்பாயிலிருந்து மில்லுக்கு யந்திரம் பூட்ட வந்தவர், யாராக இருந்தாலும் ரயிலடியிலேயே "நஞ்சப்பனைப் பாருங்க" என்று சொல்லிவிடுவார்கள். உன் யோசனைகள் எனக்கு நினைவில் இருக்கின்றன. பட்டு எடுப்பதானால் கடை திறந்ததும் போகவேண்டும் என்பாய். "மொதப் போணிக்கு வந்தவனை எந்தக் கடைக்காரனும் சும்மா அனுப்பமாட்டானுங்க மச்சான். நீங்க எந்திரிச்சாப் போதும், அவனே கையைப் புடிச்சு உக்கார வெப்பான்." பாத்திரக் கடைக்கு மத்தியான வெயிலில் போகச் சொல்வாய். அந்த நேரத்தில் ஆள் வராது, பேச்சுத் துணைக்காகவாவது விலையைக் குறைப்பான் என்பது உன் கணக்கு. சாயங்காலம் உக்கடம் குளக்கரையில் நன்றாக நடக்கவிட்ட பிறகே சாப்பிட அழைத்துப் போவாய். "நடந்தாத்தானுங்க ஒரம்பரைக்குப் பசிக்கும்." விருந்தாளி யாரானாலும் உன் வாயில் ஒரம்பரைதான். நாடகமானால் முன்வரிசை ஆகாது, ஆர்மோனியக்காரன் முதுகுதான் தெரியும் என்பாய்.

இத்தனையும் கேட்டுக்கொண்டு உன்கூடவே அலைந்தவன்தான் நான். ஆனால் எனக்கு இந்த ஊர் வேறு மாதிரி அமைந்துவிட்டது.

பெரிய கடை வீதியில் நீ எப்போதும் போகும் பட்டுக்கடையை எடுத்துக்கொள். அந்த முதலாளியின் பாகப் பிரிவினை வழக்கை ராப்பகலாக நடத்தி ஜெயித்துக் கொடுத்தவன் நான். "ஜட்ஜு நல்லவருங்க, அதனால தப்பிச்சேன்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடுத்த வழக்கை மதராஸிலிருந்து வந்த ஒரு பொடியனிடம் கொடுத்தான். அன்று முதல் அந்தக் கடை இருக்கும் வரிசையில்கூட நான் நடப்பதில்லை, எதிர்ச்சாரியில்தான் போவேன். மணிக்கூண்டுப் பக்கத்துக் காபி கிளப்பைப் பற்றி உனக்கே தெரியும். கறுப்புக் கோட்டோடு உள்ளே போன என்னைச் சாதி கேட்டு, "உங்களுக்கு வெளிப்பக்கமுங்க" என்று கை காட்டினார்கள். நீ வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து, "காபி ஒண்ணுதானுங்க மச்சான், ஆறிப் போகுது பாருங்க" என்று ஊதி ஊதிக் குடித்தாய். நான் எழுந்து வந்துவிட்டேன். டாக்கீஸில் டிக்கட் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நம்மை, மில் முதலாளி வீட்டார் வந்ததும் எழுப்பினார்கள். நீ சிரித்துக்கொண்டே பெஞ்சுக்குப் போய் அங்கே இருந்தவர்களிடம் கடலை வாங்கித் தின்றாய். நான் மானேஜரோடு சண்டை போட்டுவிட்டுப் பாதிப் படத்தில் வெளியே வந்தேன்.

ஒவ்வொன்றிலும் நியாயம் என் பக்கம்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் நியாயம் என் பக்கம் இருந்ததால் இந்த ஊரில் எனக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று. நீ இருந்தவரை அது எனக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் சரசுவுக்கு ஓர் இடம் வந்தது.

சத்தியமங்கலத்துக்காரர்கள். பவானி ஆற்றுப் பாசனம், வாழையும் மஞ்சளும். பையன் இன்டர்மீடியட் படித்தவன். கோனியம்மன் தேர் நோம்பியில், திருவிழாக் கூட்டத்தில், சரசுவைப் பார்த்திருக்கிறான். சரசுவும் அவனைப் பார்த்திருக்கிறாள் என்று செல்லம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள். உக்கடத்தில் இருக்கும் மாரப்பன் அவர்களுக்கு உறவு, நமக்கும் பழக்கம். அவன்தான் நடுவில் நின்று பேசினான்.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறோம் என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. டவுனில் துணி எடுக்க வருகிறோம், அப்படியே ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்பார்கள். முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கவும் மாட்டார்கள். ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதனால் அவர்களை டவுனுக்குள் அழைத்துப் போய்க் கடை காட்டி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பொழுது சாய்ந்ததும் ஒரு சினிமாவும் காட்டி அனுப்புவது பெண் வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. கடையில் சாப்பிட்டால் கை நனைத்ததாகக் கணக்கில்லை. ஆனால் கவனித்த விதம் கணக்கில் உண்டு. ஊரில் எத்தனை பேருடைய பெண்களுக்கு இந்த வேலையை நீ செய்து கொடுத்திருக்கிறாய்! உன் பெண்ணுக்குச் செய்ய நான்தான் மிஞ்சினேன்.

"அண்ணா, நீங்க இருக்கறப்ப எனக்கென்னுங்க" என்றாள் செல்லம்மாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பையனின் பெரியப்பாவும், கட்டிக்கொடுத்த அக்கா பொன்னுத்தாயியும் வந்தார்கள். இரவு மாரப்பன் வீட்டில் தங்கிக் காலையில் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. சரசு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் செம்பைக் கையில் வாங்கி, "தண்ணி நல்லா இருக்குதுங்களே" என்றார். மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் என்று சொன்னேன். "குழாய் என்னுங்க குழாய், கொண்டாந்த கை அப்படி" என்றார். செல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நூற்றில் தொண்ணூறு முடிந்த மாதிரி.

பிறகு ஜட்கா வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

பட்டுக்கடை. நான் எதிர்ச்சாரியில் இருந்த ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைப் பையன் நாலு சேலையை விரித்தான். பொன்னுத்தாயி விரலால் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்று மடித்து வைத்தாள். வெளியே வந்ததும் தெருவைத் தாண்டிப் பார்த்தாள்.

"அந்தக் கடை பெருசா இருக்குதுங்களே?"

"அது சரியில்லைங்க" என்றேன்.

"அப்படீங்களா" என்றாள். சரியில்லாத கடையில் அத்தனை கூட்டம் எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள்.

வெயில் ஏறிவிட்டது. மணிக்கூண்டுக்குப் பக்கம் வந்து நின்றோம். "சாப்பிடப் போலாமுங்களா?" என்று கேட்டேன்.

"அட, வேண்டாமுங்க வக்கீலய்யா. விடியக்காலம் களி தின்னுபோட்டுத்தான் பஸ் ஏறுனமுங்க. அப்படியே நிக்குது" என்று பெரியவர் வயிற்றைத் தடவினார்.

"இல்லீங்க, கொஞ்சமாவது..."

"எதுக்குங்க சிரமம். ஆச்சுங்க."

நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனது லேசாயிற்று. அங்கே இருந்தது அந்தக் காபி கிளப்தான். அவர்களை வைத்துக்கொண்டு நான் வெளிப்பெஞ்சில் உட்காரவேண்டும், இல்லையென்றால் வாசலில் சண்டை போடவேண்டும். இரண்டுக்கும் அவசியமில்லை, அவர்களே வேண்டாம் என்கிறார்கள். உள்ளேயிருந்து நெய் காய்ச்சும் வாசனை வந்தது. "நெய் மணக்குதுங்க பெரியப்பா" என்றாள் பொன்னுத்தாயி. "டவுனுன்னா அப்படித்தான் அம்மணி, எல்லாம் மணக்கும்" என்றார் அவர்.

பாத்திரக் கடைகளைப் பார்த்தோம். ஆர்.எஸ்.புரத்தில் புதிதாக எழும்பும் வீடுகளை ஜட்காவில் இருந்தபடியே காட்டினேன். சாயங்காலம் உன் வழக்கப்படி உக்கடம் குளக்கரையில் நன்றாக நடக்கவும் வைத்தேன். அதை மட்டும் மறக்கவில்லை, பார்த்தாயா! பிறகு டாக்கீஸ். மானேஜர் கண்ணில் படக்கூடாதென்று பெஞ்சு டிக்கட் வாங்கினேன். பொன்னுத்தாயி பெண்கள் பக்கம் போனாள். பெரியவர் என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சோடாக்காரன் வந்தான்; வேண்டாமுங்க என்றார். முறுக்குக்காரன் வந்தான், வேண்டாமுங்க என்றார். படத்தில் ராஜா விருந்து சாப்பிடும் காட்சி வந்தபோது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார். படம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் விளக்கு வெளிச்சத்தில் தள்ளுவண்டிக்காரன் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். பெரியவர் நின்றுவிட்டார். "கூட்டம் நல்லா இருக்குதுங்க" என்றார்.

"ராத்திரியில் எண்ணெய்ப் பண்டம் வயிற்றுக்கு ஆகாதுங்க" என்றேன்.

"ஆமாமுங்க, ஆமாமுங்க. ஆகாதுங்க" என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு நடந்தார்.

மாரப்பன் வீட்டு வாசலில் அவர்களை விட்டுவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, நஞ்சப்பா.

மறுநாள் மாரப்பன் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க வக்கீலய்யா, நேத்து அவங்களுக்கு எங்கீங்க சோறு வாங்கிக் குடுத்தீங்க?"

"வேண்டாமென்று சொல்லிவிட்டார்களே."

"வேண்டாமுன்னாங்களா! வேண்டாமுன்னுதானுங்க சொல்லுவாங்க. வாயைத் தொறந்து சோறு போடுங்கன்னா கேப்பாங்க? கோர்ட்டுல அத்தனை குறுக்குக் கேள்வி கேப்பீங்களாமா. சோத்துக்கு இன்னொருக்காக் கேக்க வாய் வரலீங்களா?"

நடந்தது இதுதான். பெண் வீட்டில் கவனித்திருப்பார்கள் என்று மாரப்பன் வீட்டில் இரவு அடுப்பை அணைத்துவிட்டார்கள். "சாப்புட்டாச்சுங்களா?" என்று வாசலிலேயே கேட்டதற்குப் பெரியவர், "வயிறு முட்டுதுங்க. வக்கீலய்யா விடவே மாட்டேன்னுட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார், நஞ்சப்பா. வெறும் வயிற்றோடு படுத்துக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். விடிந்ததும் பொன்னுத்தாயி சமையல்கட்டில் பழையசோற்றுப் பானையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் மாரப்பன் மனைவிக்கு விஷயம் விளங்கியது.

பத்து நாள் பொறுத்துச் சத்தியமங்கலத்திலிருந்து பதில் வந்தது. அதையும் மாரப்பன்தான் வந்து சொன்னான். "பையனுக்கு இப்பத்திக்கு வேண்டாமுங்களாமா. அடுத்த வருசம் பாக்கலாமுங்களாமா." ஒரு வேளைச் சோறு போடத் தெரியாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். இத்தனை வருஷமாக அது ஒன்றுதானே எனக்கு நன்றாக வந்தது?

செல்லம்மாள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நான்தான் உன்னைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். "மாப்பிள்ளை மட்டும் எப்படிச் சமாளித்தார்? அவருக்கென்ன, எப்போதும் பசி. எங்கே போனாலும் முதலில் அவர்தான் இலையில் உட்காருவார்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு ஊட்டுல சாப்புட்டுப்போட்டுத்தானுங்கண்ணா கெளம்புவாரு. ஒரு நாளும் பசியோட போனதில்லீங்க. 'எனக்குப் பசிக்குதுங்க, நீங்க சும்மா கூட வந்து உக்காருங்க'ன்னு சொன்னாத்தான் ஒரம்பரை கூச்சமில்லாமச் சாப்புடுவாங்கன்னு சொல்லுவாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. உன்னை எத்தனை தடவை சாப்பாட்டு ராமன் என்று கேலி செய்திருக்கிறேன்! நீ தொந்தியைத் தட்டிக்கொண்டு சிரிப்பாய். மற்ற எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாயே; போணியைச் சொன்னாய், ஆர்மோனியக்காரன் முதுகைச் சொன்னாய், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாயா? நம்மூரில் பிறந்தவனுக்கு இதைக்கூடவா சொல்லவேண்டும் என்று நினைத்தாயா? உன்மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இதுதான். புதிய வருத்தம்.

சரசு என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "மாமா, அடுத்தாப்புல வர்றவிங்களுக்கு நானே கட்டுச்சோறு கட்டிக் குடுத்துடறனுங்க. உங்களுக்கும் சேத்து. எந்தக் கடைக்காரன் மொகத்துலயும் நீங்க முழிக்க வேண்டாம்." உன் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று பின்பக்கம் போனாள். மாடு அப்போது மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

நேற்றுச் செல்லம்மாளிடம், "நான் ஒரு நடை சத்தியமங்கலம் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்கண்ணா. உங்களுக்கு எதுக்குங்க சிரமம். விடுங்க" என்றாள்.

நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். இது எந்த வேண்டாம், நஞ்சப்பா? நிஜமாகவே என்னை நம்பி இன்னொரு காரியத்தை ஒப்படைக்க அவளுக்குப் பயமா? அல்லது நான் இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறாளா? சத்தியமங்கலத்துப் பெரியவர் சொன்னது எந்த வேண்டாம்? அடுத்த வருஷம் என்றால் அடுத்த வருஷமா, ஒருபோதும் இல்லையா, இல்லை, ஒருவன் வந்து கையைப் பிடித்து அழைக்கட்டும் என்பதா? சட்டப் புத்தகம் முழுவதும் தேடிப் பார்த்தாலும் இதற்கு விளக்கம் கிடையாது. நீ முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய். எனக்கு அந்தக் கண் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் அது இனி எங்கே வரப்போகிறது?

ஆசிரியருக்காக ஒன்று எழுதிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களே, கோயமுத்தூரில் சாப்பிட நல்ல இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் நான் சாப்பிட்டதில்லை. உங்களை அழைத்துப் போகிறவர் நல்லவராக இருந்தால் அவரே உட்கார வைப்பார். என்னைப் போன்றவர் வாய்த்துவிட்டால், தயவுசெய்து மரியாதையை ஒதுக்கி வைத்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இனி உனக்கு. நாளைக் காலை பஸ்ஸில் நான் சத்தியமங்கலம் போகிறேன். செல்லம்மாளிடம் சொல்லவில்லை. ஒருவரிடம் இரண்டாவது முறை போய் நின்றது என் ஆயுளில் கிடையாது, கட்சிக்காரனிடம்கூட நின்றதில்லை. அந்தப் பெரியவர் வாசலில் நிற்பேன். தப்பு என்னுடையது, பெண்ணுடையதல்ல என்று சொல்வேன். வேண்டாமுங்க என்பார். இன்னொரு தடவை சொல்வேன். அவர் உள்ளே போய்விட்டாலும் அவர் வெளியே வரும்வரை அங்கேயே இருப்பேன். காரியம் ஆகும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அதற்கு நான் லாயக்கில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். என்ன பதில் கிடைத்தாலும், அதை மாரப்பன் மூலமாகச் சொல்லியனுப்ப மாட்டேன். நானே வந்து, சரசுவின் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

உன் பெண்ணுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
பழனிச்சாமி